எந்த குரூப் என்பதை யார் முடிவு செய்வது?



பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு நம் சேரிகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? அறிவியல் எடுக்கலாமா, வேண்டாமா? பார்வைக்குச் சின்னக் கேள்வி. தலைமையாசிரியர் அறை வாசலில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடம்தான் ஒரு பிள்ளையின் அடுத்த நாற்பது வருடத்தைத் தீர்மானிக்கிறது.

அந்த அறையில் என்ன நடக்கிறது? எந்த ஊர் என்று கேட்பார்கள். சொன்னதும் அடுத்த கேள்வி: "ஊரா, காலனியா?" அப்புறம் அக்கறையான குரல் வரும். "ஃபர்ஸ்ட் குரூப்பெல்லாம் ஒன்னால முடியாதும்மா. பெயிலானா வாழ்க்கையே போயிரும். மூணாவது குரூப் எடு, இல்லன்னா தொழிற்கல்வி. சீக்கிரமா வேலைக்குப் போயி அப்பனக் காப்பாத்து." ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "சார் பாத்து எது சொன்னாலும் சரிங்க." கையெழுத்து. முடிந்தது.

இதில் வசவு இல்லை. சாதிப் பெயர் இல்லை. இதை எழுதிக்கொண்டு காவல் நிலையம் போனால் சிரிப்பார்கள். ஆனால் அதே மதிப்பெண் வாங்கிய ஊர்த்தெருப் பையனிடம் 'உன்னால் முடியாது' என்று சொல்வதில்லை. 'டியூஷன் வச்சிக்க' என்கிறார்கள். அவனுக்கு டியூஷன், நமக்குத் தொழிற்கல்வி. வித்தியாசம் மதிப்பெண்ணில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

நமக்கு இது புதுசும் அல்ல. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அம்பேத்கர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாத பிள்ளைக்கு அது இல்லை என்றார்கள். பாரசீகம் படிக்க வேண்டியதாயிற்று. அதே பள்ளியில் கரும்பலகையில் கணக்குப் போட அவரைக் கூப்பிட்டபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்களை எடுக்கச் சாதி இந்துப் பிள்ளைகள் ஓடினார்கள். பள்ளிக்குள் விடுவது வேறு, பாடத்துக்குள் விடுவது வேறு. முதல் கதவைத் திறந்துவிட்டு இரண்டாம் கதவைச் சாத்துவது பழைய வித்தை.

அறிவியல் பிரிவு ஒரு விதத்தில் மற்ற பிரிவுகளைப் போல் அல்ல. அதைப் படித்தவர் நாளை பி.ஏ. சேரலாம், சட்டம் படிக்கலாம், எந்தப் பட்டத்தோடும் வங்கித் தேர்வோ டி.என்.பி.எஸ்.சி.யோ எழுதலாம். வணிகவியல் படித்தவர் நர்சிங் பட்டப்படிப்புக்கோ மருத்துவத்துக்கோ திரும்பி வர முடியாது. இது ஒருவழிப் பாதை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் வந்தது. இதில் சட்டத்தையும், தொழிற்கல்வி மாணவருக்கு விடும் சொற்ப இடங்களையும் கழித்துவிட்டால், மீதி எல்லாவற்றுக்கும் பிளஸ் டூவில் அறிவியல் வேண்டும். போராடி வாங்கிய ஒதுக்கீடு, பதினைந்து வயதில் போட்ட ஒரு கையெழுத்தால் ஒன்றுமில்லாமல் போகிறது.

பெயிலாகிவிடுவோம் என்ற பயம் பொய்யில்லை. இயற்பியல் ஆசிரியர் இல்லாத பள்ளிகள் இருக்கின்றன. பூட்டியே கிடக்கும் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. ஆனால் கணக்கைப் பாருங்கள். இயற்பியலிலும் வேதியியலிலும் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. தேற வேண்டியது 35. எழுத்தில் ஓரளவு எழுதிச் செய்முறையை ஒழுங்காகச் செய்தால் தேறலாம். பயமுறுத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அந்த 30 மதிப்பெண் பள்ளிக்கூடத்தின் கைக்குள் இருக்கிறது என்பதையும் சொல்வதில்லை. நம் பிள்ளைக்கு அந்த 30இல் எவ்வளவு விழுகிறது என்று கேட்க ஆள் வேண்டும்.

'அனிதா படிச்சாளே, என்ன ஆச்சு?' என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 1200க்கு 1176. இயற்பியலிலும் கணிதத்திலும் முழு மதிப்பெண். 2017 செப்டம்பர் 1இல் அவரை இழந்தோம். அவர் எடுத்த பாடம் தப்பா? அவர் படிக்க வேண்டியதைப் படித்து முடித்த பிறகு நீட்டைக் கொண்டுவந்து வாசலை மாற்றினார்கள். வாசலை மாற்றியவர்களோடு சண்டை போடுவோம். அதற்காக நாமே வழியை விட்டு விலகி நிற்க வேண்டியதில்லை.

எல்லாரும் அறிவியலே எடுங்கள் என்பதல்ல நம் வாதம். நமக்கு வரலாறு எழுதுகிறவர்கள் வேண்டும், வழக்கறிஞர்கள் வேண்டும், கணக்குப் புத்தகத்தைப் பிரித்து எங்கே திருடினார்கள் என்று காட்டுகிறவர்கள் வேண்டும். பிடித்து வரலாறு எடுக்கிற பிள்ளையை வாழ்த்துவோம். பயந்து எடுக்கிற பிள்ளையிடம் ஒரு நிமிடம் நின்று பேசுவோம். முடிவு பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். எந்தக் கதவு மூடும், எது திறக்கும் என்று தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்ற நம் பிள்ளைகள் பலியாக வேண்டியதில்லை.

ஆகவே அமைப்புத் தோழர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் சொல்கிறோம். சேர்க்கை நாளில் அந்த அறைக்குப் பிள்ளையோடு நீங்களும் போங்கள். அப்பா கையைக் கட்டி நிற்கிற இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். பிளஸ் ஒன் சேர்க்கையிலும் இன ஒதுக்கீடு உண்டு: பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. முதல் குரூப்பில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பட்டியல் கேளுங்கள். சேர்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பி.எஸ்சி. படிக்கிற ஒவ்வொருவரும் வாரம் இரண்டு மாலை காலனிக்குப் போய்க் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுங்கள். ஆய்வுக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

அம்பேத்கர் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் சிலை வைத்தோம். அந்தச் சிலைகளின் கையில் இருப்பது புத்தகம். அது எந்தப் பாடப் புத்தகம் என்று முடிவு செய்யும் உரிமையை இனி தலைமையாசிரியர் அறையில் விட்டுவிட்டு வர வேண்டாம்.