பூதப் படம் போட்டால் என்ன?

"போயும் போயும் ஒரு பூதப் படத்தையா சங்கத்தில் போடுவது?" என்று செயற்குழு அன்பர் ஒருவர் கேட்டார். நம் மாதாந்திரத் திரையிடலுக்கு 'தி ஹோஸ்ட்' என்ற கொரியப் படத்தை நான் பரிந்துரைத்ததுதான் காரணம். கேள்வி நியாயமானதே. வேறு சிலரும் இதையே மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும் என்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

பெருநகரத்தில் ராட்சத விலங்கு புகும் படம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1998-இல் வந்த ஹாலிவுட் 'காட்ஸில்லா'. ஏறத்தாழ 13 கோடி டாலர் செலவு. நியூயார்க்கின் மாடிக் கட்டடங்கள் பொலபொலவென்று உதிரும். அவற்றுக்குள் இருந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எவரும் கேட்பதில்லை. 2006-இல் போங் ஜூன் ஹோ இயக்கிய 'தி ஹோஸ்ட்' சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலரில் முடிந்தது. கொரியாவுக்கு அது பெரிய தொகைதான். ஆனால் ஹாலிவுட் கணக்கில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தக் காசில் சோல் நகரத்தை இடித்துக் காட்ட முடியாது. விலங்கும் ஒரு லாரி அளவுதான். அது ஹான் ஆற்றுப் பாலத்துக்கு அடியில் தொங்குகிறது, பட்டப்பகலில் கரையேறி ஜனங்களைத் துரத்துகிறது, பிறகு சாக்கடைக் குழாய்களுக்குள் போய்விடுகிறது.

நகரம் இடியாததால், அந்த நகரத்தில் பிழைக்கும் ஒரு குடும்பத்தைப் பார்க்க நமக்கு அவகாசம் கிடைக்கிறது. ஆற்றங்கரையில் பீரும் நூடுல்ஸும் சுட்ட கணவாயும் விற்கும் ஒரு பெட்டிக்கடை. கடைக்காரக் கிழவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கடையிலேயே தூங்கி வழிபவன். வாடிக்கையாளருக்குக் கொண்டுபோகிற கணவாயில் ஒரு காலைப் பிய்த்துத் தின்றுவிட்டு அப்பாவிடம் திட்டு வாங்குபவன். அடுத்தவன் பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காதவன். பெண் வில்வித்தை வீராங்கனை, ஆனால் அம்பு விடும் நேரத்தில் தயங்கிவிடுவாள். மூத்தவனுடைய பள்ளி செல்லும் மகளை விலங்கு வாலால் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறது. இந்த நால்வரும் அவளைத் தேடிப் போவதுதான் கதை.

நடுவே ஒரு காட்சி. தேடி அலுத்து, இரவில் தங்கள் கடைக்குள்ளேயே உட்கார்ந்து நால்வரும் சாப்பிடுகிறார்கள். காணாமல் போன குழந்தை திடீரென்று அவர்கள் நடுவில் எழுந்து உட்காருகிறாள். யாரும் ஆச்சரியப்படவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ஆளுக்கொரு வாய் ஊட்டுகிறார்கள். அவ்வளவுதான். கோடி கோடியாகக் கொட்டினாலும் இதை வாங்க முடியாது என்பது என் எண்ணம்.

சங்கத்தார் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் வேறு. செத்துவிட்டதாக நினைத்த மகள் அப்பனுக்கு தொலைபேசியில் பேசிவிடுகிறாள். அவன் போலீஸிடம் சொல்கிறான், டாக்டரிடம் சொல்கிறான். கேட்பார் இல்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். இல்லாத ஒரு கிருமியைச் சொல்லி அவனைக் கட்டிலில் கட்டிப்போடுகிறார்கள். தன் பேச்சும் பேச்சுதானே, அதை ஏன் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று அவன் அழுகிற இடத்தில் என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. மும்பைக்கு வந்த புதிதில் உடைந்த இந்தியோடு ரேஷன் அட்டைக்காக நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! நாம் வாய் திறப்பதற்குள் கவுண்டருக்கு அப்பால் இருப்பவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார். அந்தக் காட்சிக்கு நமக்கு சப்டைட்டில் தேவைப்படாது.

விலங்கு எப்படி வந்தது என்பதும் கட்டுக்கதை மட்டும் அல்ல. 2000-ஆம் ஆண்டில் சோலில் உள்ள அமெரிக்க ராணுவ முகாமின் பிணவறையிலிருந்து ஃபார்மால்டிஹைடு சாக்கடையில் கொட்டப்பட்டது. அங்கே பெரிய கொந்தளிப்பை உண்டாக்கிய நிஜச் சம்பவம் அது. படம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆற்றில் கொட்டியது ஒரு நாள் கரையேறி வருகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மித்தி கரையேறி வந்ததே, தாராவிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டுமா? அதுவரை பலருக்கு அது ஓர் ஆறு என்பதே தெரியாது, 'நாலா' என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம்! மித்தியைப் பற்றி இப்படி ஒரு படத்தை இந்த ஊரில் யாராவது எடுத்திருக்கலாம்.

"தமிழ்ப் படம் இல்லையே" என்பது அடுத்த ஆட்சேபம். நம் திரையிடலுக்கு வருகிறவர்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நட்சத்திரப் படம் போட்டால் அறுபது வயதுக்காரர்கள் நிறைகிறார்கள். பிள்ளைகள் வாசலில் செல்போனோடு நிற்கிறார்கள். அவர்களை உள்ளே இழுக்க ஒரு விலங்கு தேவை என்றால் அது வரட்டுமே. மேலும், இந்தப் படத்துக்கு சப்டைட்டில் ஆங்கிலத்தில். நம் பாட்டிமார்களுக்கு அதைப் படிக்க வராது. பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, அந்த ஆளு சொல்றதை யாருமே நம்பல" என்று தமிழில் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து தமிழ் பேச நம் பிள்ளைகளுக்கு வேறு எங்கே வாய்ப்பு இருக்கிறது? ஞாயிறு தமிழ் வகுப்பிலேயே அது நடப்பதில்லை. வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை அழைத்து வர வேண்டாம். சில இடங்கள் பயங்கரமாக இருக்கும், முடிவும் மனத்தைப் பிசையும். மற்றபடி பாட்டிக்குப் பக்கத்து நாற்காலியைப் பேரனுக்கு ஒதுக்கும் பொறுப்பைச் செயற்குழு என்னிடம் விட்டுவிடலாம்.