மிச்சமான நேரம் யாருடையது?

“வீட்டிலிருந்தே வேலை, அலைச்சல் இல்லை. இரவில் ஓர் அழைப்பு வந்தால் என்ன குறைந்துவிடும்?” என்று கேட்கிறார்கள்.

குறைவது தூக்கம். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, “ஒரு நிமிஷம், கால்ல வாங்க” என்று செய்தி வரும். அந்த ஒரு நிமிஷம் ஒரு மணி நேரமாகும். அதற்குச் சம்பளம் கிடையாது. பயணத்தில் மிச்சமான நேரம் ஊழியருடையது, நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்ததல்ல. மின்கட்டணமும் இணையக் கட்டணமும் அவர் தலையில் விழும்போது, உண்மையில் சலுகை பெறுவது யார்?

போர்ச்சுகல் 2021-இல் சட்டமே இயற்றியது: கூடுதல் செலவை முதலாளி ஏற்க வேண்டும், அவசரம் தவிர, ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளக் கூடாது. இங்கோ, வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்பை மறுக்கும் உரிமைக்காக மக்களவையில் எம்.பி. சுப்ரியா சுலே கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

வேலை செய்யும் இடம் மாறலாம். எட்டு மணி நேர உரிமை மாறாது. அதைச் சட்டமாக்குங்கள்.