காமிரா வேட்டை

ஆங்கிலத்தில் துப்பாக்கியால் சுடுவதற்கும் காமிராவால் படம் எடுப்பதற்கும் ஒரே சொல்லை வழங்குகிறார்கள். தமிழிலோ நாம் படம் 'பிடிக்கிறோம்'. பிடிபட்டது உயிரோடிருக்கும் என்பது அதில் அடக்கம். நம் சொல்லே உயர்ந்தது என்று நேயர்கள் பெருமைப்படலாம். ஆனால் ஆப்பிரிக்காவின் விலங்குச் சரணாலயங்களில் நடப்பதைப் பார்த்தால், அந்தப் பெருமையைச் சற்று ஒத்திப்போட வேண்டியிருக்கிறது.

ஆதியில் இரண்டு ஆயுதங்களும் ஒரே தோளில்தான் தொங்கின. ஷில்லிங்ஸ் என்ற ஜெர்மானியர் கிழக்கு ஆப்பிரிக்காவில் இரவு வேளையில் வெளிச்ச மருந்தைக் கொளுத்தி மிருகங்களைப் படம் பிடித்து, 1905-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பெயரிலேயே வெளிச்சமும் துப்பாக்கியும் ஜோடியாக நின்றன. 1909-ல் ஜனாதிபதிப் பதவியை விட்டிறங்கிய ரூஸ்வெல்ட், தம் மகனோடு அங்கே சென்று 500-க்கு மேற்பட்ட மிருகங்களைச் சுட்டு வீழ்த்தினார். அந்த மகனேதான் கோஷ்டியின் போட்டோக்காரரும்! கெனியா 1977-ல் பெருவிலங்கு வேட்டையைத் தடை செய்தது. காமிரா மட்டும் மிஞ்சியது.

இந்தக் கலை சுலபமானதன்று. விடியலை ஒட்டிய சிறு பொழுதும் மாலையில் ஒரு சிறு பொழுதுமே நல்ல வெளிச்சம். உச்சி வெயிலில் மிருகராஜன் மரநிழலில் கிழ நாயைப்போல் படுத்துக் கிடப்பான். கானல் அலையில் தூரத்து உருவங்கள் கலங்கித் தெரியும். நீண்ட லென்ஸைக் கையில் தாங்கினால் நடுங்கும். ஆகையால் மொச்சையோ அரிசியோ நிரப்பிய சிறு மூட்டையை வண்டியின் ஜன்னல்மேல் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்கிறார்கள். எஞ்சினை நிறுத்தியாக வேண்டும். இல்லாவிடில் அதன் அதிர்ச்சி படத்தில் தெரியும். பிறகு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்தான் டிரைவரிடம், "இன்னும் கிட்டப் போ, அப்பா!" என்கிறார்.

கிட்டப் போனால் யாருக்கு நஷ்டம்? முக்கியமாகச் சிவிங்கிப் புலிக்கு. சிறுத்தையோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்ததுபோல் கறுப்புக் கோடு உடையது இது. நம் நாட்டில் அற்றுப் போய்விட்டதாக 1952-ல் அறிவிக்கப்பட்டு, 2022-ல் நமீபியாவிலிருந்து எட்டுப் பிராணிகளைக் கூனோவுக்கு வரவழைத்தோமே, அதே பிராணிதான். ஓட்டத்தில் நிகரற்றதாயினும் சண்டையில் சாது. சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் அஞ்சி, பெரும்பாலும் பகலிலேயே இரை தேடும். பகலில்தானே காமிராக்காரர்களும் வருகிறார்கள்! கெனியாவின் மசாய் மாராவில் ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் கூடலாகாது என்று விதி உண்டு. ஆயினும், "சிவிங்கி!" என்று ஒரு டிரைவர் ரேடியோவில் சொன்னால் போதும், பத்தும் இருபதுமாக வந்து வளைத்துக்கொள்கின்றன. 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, உல்லாசப் பிரயாணிகள் குறைந்த இடங்களில் தாய் சிவிங்கி ஓர் ஈற்றுக்குச் சராசரி 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. பிரயாணிகள் மிகுந்த இடங்களில் 0.2. அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி!

அச்சில் வரும் படத்தில் இந்த வண்டிகளில் ஒன்றேனும் தெரிவதில்லை. மனிதர்களும் தெரிவதில்லை. மாராவை அடுத்து, டான்ஸானியாவில், செரங்கெட்டி இருக்கிறது. எல்லையற்று ஓடும் நிலம் என்று மசாய் மொழியில் அதற்குப் பொருள் கூறுவார்கள். அங்கே மாடு மேய்த்து வந்த மசாய் மக்களைப் பிரிட்டிஷ் நிர்வாகம் 1959-ல் அப்புறப்படுத்தியது. அதே ஆண்டில் 'செரங்கெட்டி சாகக் கூடாது' என்ற கிர்ஸிமெக்கின் ஜெர்மன் படம் வெளிவந்து, மறு ஆண்டு ஆஸ்கார் பரிசும் பெற்றது. அந்த முயற்சியில் அவருடைய மகன் விமான விபத்தில் உயிரிழந்தார். அந்தத் தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வனத்தில் மனிதனுக்கு இடமில்லை என்பது அவர் கொள்கை. மிருகங்களோடு நெடுங்காலம் வாழ்ந்தவனை விரட்டிவிட்டு, ஆகாய விமானத்தில் வந்து பார்ப்பவனுக்கு இடம் கொடுத்தார்கள். இது அன்னிய ஆட்சியின் கொடுமை என்று சொல்லிவிட்டு நகர முடியவில்லை. 2022 ஜூனில், செரங்கெட்டியை ஒட்டிய லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்துக்கு எல்லைக்கல் நாட்டச் சுதேச சர்க்காரே போலீஸை அனுப்பிற்று. ஒரு போலீஸ்காரர் மாண்டார். மசாய்களில் பலர் காயமுற்றுக் கெனியாவுக்கு ஓடினார்கள்.

வேறு வழி இல்லாமலில்லை. மாராவைச் சுற்றி மசாய்கள் தங்கள் சொந்த நிலங்களை ஒன்று சேர்த்து, விடுதிக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டு வாடகை வாங்குகிறார்கள். வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு அதிகம். முறை வைத்து மாடுகளும் மேய்கின்றன. அங்கே எடுக்கும் படத்தில் சிவிங்கிக்குப் பின்னால் சில வேளை ஒரு மாட்டு மந்தையும் கோல் ஊன்றிய இடையனும் விழக்கூடும். பத்திரிகைக்காரர்கள் அதைக் கத்தரித்து எறியாமல் அப்படியே அச்சிடலாம் என்பது நம் அபிப்பிராயம்.