ஏலமும் நேர்மையும்

ஏலம் என்பது சென்னை மாநகர்க்குப் புதிய பொருளன்று. 1927ஆம் ஆண்டில் தோன்றிய மர்ரே கம்பெனியாரின் ஏலங்களில் பழம்பொருள்கள் கைம்மாறியதை நம் பாட்டன்மார் பலர் கண்டிருப்பர். ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்னும் குரலைக் கேளாத தமிழரும் இலர். எனினும், அக்குரலுக்குப் பின்னே நடப்பதை நம்மில் எத்துணைப்பேர் அறிவோம்?

சென்ற விடுமுறையில் கோபாலபுரத்தில் ஒரு சிறு மண்டபத்தில் நிகழ்ந்த பழங்காசு ஏலத்திற்கு நாம் நண்பரொருவருடன் சென்றிருந்தோம். தரங்கம்பாடியில் டேனியர் வெளியிட்ட செப்புக்காசு ஒன்றின்மேல் அவர்க்குப் பெருவிருப்பம். ஏலக்காரர் 1,000 ரூபாயில் தொடங்கினார். நண்பர் 1,200 என்றார். ஏலக்காரர் பின்வரிசையை நோக்கித் தலையசைத்து 1,400 என்றார். இவ்வாறே ஏறி ஏறி, நண்பர் 3,200 என்றதும் மூன்றாந்தரம் கூறப்பட்டது. யாரோ அந்தப் போட்டியாளர் என்று திரும்பிப் பார்த்தோம். பின்வரிசையில் வெறும் நாற்காலிகளே இருந்தன! நண்பர் கொடுத்ததோ தேர்வுக் கட்டணத்திற்கென வைத்திருந்த பணம்.

விசாரித்தபோது உண்மை விளங்கிற்று. ‘இவ்விலைக்குக் கீழ்க் கொடேன்’ என்று உடையவர் முன்னரே ஏலக்காரரிடம் மறைவாகக் குறித்து வைக்கும் விலைக்கு ரிசர்வ் விலை என்பது பெயர். இக்காசுக்கு அது 3,200 ரூபாய். அதனை எட்டும்வரை, விற்பவர் சார்பில் ஏலக்காரரே எதிர்க்கேள்வி கேட்டு வந்தார். மேனாட்டார் இதனைச் ‘சரவிளக்குக் கேள்வி’ என்று எள்ளுவர்; ஆள் இல்லாதபோது கூரையில் தொங்கும் விளக்கு கேட்டதாகப் பாவிப்பதால் வந்த பெயர். கிறிஸ்டீஸ், சோதெபீஸ் முதலிய பெருநிலையங்களும் இவ்வுரிமையைத் தம் நிபந்தனைகளில் அச்சிட்டே வைத்துள்ளன. கோபாலபுரத்துப் பட்டியலின் கடைசிப் பக்கத்திலும் பொடியெழுத்தில் அது இருந்தது.

சட்டம் யாது கூறுகின்றது? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆம் பிரிவின்படி, ரிசர்வ் விலை வைத்தல் குற்றமன்று. கேட்கும் உரிமையை வெளிப்படையாக அறிவித்து வைத்துக்கொண்டால் விற்பவரும் கேட்கலாம். அறிவியாது கேட்டாலோ, வாங்கினவர் அவ்விற்பனையை மோசடியாகக் கருதலாம். விலையை உயர்த்தப் பொய்க்கேள்வி கேட்கப்பட்டதாயின், வாங்கினவர் விரும்பினால் விற்பனையைத் தள்ளிவிடலாம். இங்கிலாந்தில் ரிசர்வ் இன்றி விற்கப்படும் என்று விளம்பரம் செய்யப்பெற்ற ஒரு பெண்குதிரைக்கு ஒருவர் 60 கினி கேட்க, உடையவரே 61 கினி கேட்டு எடுத்துக்கொண்டார். ஏலக்காரர் தம் விளம்பரச் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் என்பதே 1859இல் நீதிபதிகளுள் பெரும்பாலோர் கருத்தாயிற்று.

ரிசர்வ் விலையை நாம் பழிக்கவில்லை. கேட்போர் தமக்குள் சிண்டிகேட் அமைத்துக்கொண்டு வாய்மூடி இருப்பின், ஏழைக் கைம்பெண்ணின் குடும்பப் பொருளும் காற்காசுக்குப் போய்விடும். அவளைக் காக்கும் வேலி அதுவே.

நிற்க. ‘3,200க்குக் குறைந்து உங்கள் நண்பர்க்குக் காசு கிடைத்திராதே, அவர்க்கு நட்டம் யாது?’ என்று சிலர் வினவலாம். கூரிய வினாவே. ஆயின் ஏலத்தில் பிறர் கேள்வி வெறும் எண் அன்று. அது பொருளின் மதிப்புக்கு ஒரு சாட்சி. ‘மற்றொருவர் 3,000 தர முன்வந்தாரெனின் 3,200 மிகையன்று’ என்றே புதியவர் எண்ணுவர். அச்சாட்சி பொய்யாயின், அவர் தம் அறிவைக்கொண்டு தீர்மானித்தவர் ஆகார். பிறரால் தீர்மானிக்கப்பட்டவரே ஆவார். உடையவர் தம் விலையை மறைப்பது மௌனம். இல்லாத ஒருவரை இருப்பவராகக் காட்டுவது பொய். இரண்டும் ஒன்றாகா.

இதற்கு மருந்து எளிது. விற்பவர்க்காகக் கேட்குந்தோறும் ‘இது உடையவர் கேள்வி’ என்று ஏலக்காரர் உரக்கச் சொல்லட்டும். ரிசர்வ் எட்டாத பொருளை விற்றதுபோல் காட்டாது ‘விற்கவில்லை’ என்று அறிவிக்கட்டும். இதனால் சில பொருள்கள் விலைபோகாமல் நிற்கலாம். ஆனால் ஏலக்காரர் சொல்லுக்கு மதிப்பு உயரும்.

மாணவ நண்பர்களே! ஏலத்திற்குச் செல்லுமுன் பட்டியலின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். உங்கள் உச்ச விலையை வீட்டிலேயே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். போட்டி மூளும்போது ஒருமுறை பின்வரிசையைத் திரும்பிப் பாருங்கள். நம் நண்பர் அக்காசை இன்றும் போற்றி வைத்திருக்கிறார். ஆனால் அதன் உண்மை விலை யாதென்று அவராலும் சொல்லக்கூடவில்லை.