மறைவில் செய்யும் அறம்



சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி ஒரு பங்கில் ஏழைச் சிறுவர்க்கு ஆடை வழங்கும் நிகழ்ச்சி நடைபெற்றது. நம் பிள்ளைகள் தங்கள் கையாலேயே கொடுத்துப் பழகட்டும் என்று யோசனை கூறியது நாமேதான். மேடை அமைத்தோம், ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்தோம், படம் பிடிக்கவும் ஏற்பாடு செய்தோம். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஆடைப் பொட்டலத்துடன் மேடையில் நின்றான். அதைப் பெற்றுக்கொள்ள வந்தவன் அவனுடைய வகுப்புத் தோழன். கொடுத்தவன் படத்திற்காகச் சிரித்தான். பெற்றவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அவ்விருவரும் ஒரே பெஞ்சில் அமரவில்லை.

கவிழ்ந்த அந்தத் தலை இன்றும் நம் கண்முன் நிற்கிறது. ஈகையைக் கற்பிக்க எண்ணினோம். ஆனால் ஒரு பிள்ளைக்குப் பெருமையையும், மற்றொரு பிள்ளைக்கு வெட்கத்தையும் அன்றோ கற்பித்துவிட்டோம்!

மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறார். தருமம், செபம், நோன்பு ஆகிய மூன்றையும் மனிதர் பார்க்க வேண்டுமென்று செய்யாதீர்கள் என்பது அவர் படிப்பினை. வலக்கை செய்வதை இடக்கையும் அறியலாகாது என்கிறார். அங்கே வெளிவேடக்காரர் என்று நாம் வாசிக்கும் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் மேடை நடிகர் என்பதே முதற்பொருள். நடிகனுக்குக் கூட்டம் வேண்டும், கைதட்டல் வேண்டும். அது கிடைத்தவுடன் அவன் கூலியும் தீர்ந்துவிடுகிறது. அன்று நாம் அமைத்ததும் ஒரு மேடையே. இன்றோ மேடைகூடத் தேவையில்லை. நம் கையிலிருக்கும் கைப்பேசியே மேடையாகிவிட்டது.

“அப்படியானால், உங்கள் ஒளி மனிதர்முன் ஒளிர வேண்டும் என்று 5ஆம் அதிகாரத்தில் அவரே கூறியிருக்கிறாரே?” என்று சிலர் வினவலாம். நல்ல வினாதான். ஆனால் அங்கே புகழ் விண்ணகத் தந்தைக்குச் செல்கிறது. இங்கே செய்தவனிடமே தங்கிவிடுகிறது. நற்செயல் பிறர் கண்ணில் படுவது குற்றமன்று. கண்ணில் பட வேண்டுமென்றே செய்வதுதான் குற்றம். இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் சொற்பொழிவினால் அறிவதில்லை. வீட்டில் பார்த்தே அறிகின்றனர்.

பிரான்சு நாட்டின் அலன்சோன் நகரில் வாழ்ந்த லூயி மார்ட்டின், செலி தம்பதியரின் இல்லத்தைச் சற்று எட்டிப் பார்ப்போம். லூயி கடிகாரத் தொழில் செய்தவர். செலி பின்னல் ஆடைச் சரிகைத் தொழில் நடத்தியவர். 2015ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் இருவரையும் புனிதராக உயர்த்தினார். ஒருமுறை இரயில் நிலையத்தில், வலிப்பு நோயாளியான ஓர் ஏழை ஊர் திரும்பப் பணமின்றித் தவித்தார். லூயி தம் தொப்பியைக் கழற்றித் தம் காசை முதலில் இட்டு, அங்கிருந்த பயணிகளிடம் அந்த ஏழைக்காகக் கையேந்தினார். தம் பெருமையை இழந்து பிறருக்கு உதவிய தந்தை அவர்.

அவர்களின் கடைசி மகளே 1873இல் பிறந்த குழந்தை இயேசுவின் புனித தெரேசா. நான்கு வயதில், மூத்த சகோதரி கொடுத்த மணிச்சரம் ஒன்றைப் பையில் வைத்திருந்தாள். சிறு தியாகம் ஒன்று செய்யும்போதெல்லாம் கையைப் பைக்குள் விட்டு ஒரு மணியை நகர்த்துவாளாம். மணி பைக்குள்ளேயே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஏறத்தாழ ஆறு வயதில், தந்தையுடன் நடந்து சென்றபோது, ஊன்றுகோலுடன் தள்ளாடி வந்த ஒருவருக்குச் சிறுமி காசு நீட்டினாள். அவரோ சோகப் புன்னகையுடன் அதை வாங்க மறுத்துவிட்டார். தான் அவர் மனத்தைப் புண்படுத்திவிட்டதாகக் குழந்தை வருந்தினாள். தந்தை சற்றுமுன் வாங்கித் தந்த இனிப்பு அப்பத்தைக் கொடுக்க விரும்பினாள், துணிவு வரவில்லை. புதுநன்மை நாளில் கேட்கும் வரத்தை இறைவன் தருவார் என்று கேள்விப்பட்டிருந்ததால், அன்று அவருக்காக வேண்டுவேன் என்று உறுதி பூண்டாள். 1884இல் புதுநன்மை வாங்கிய அன்று அதை மறவாமல் நிறைவேற்றினாள். அம்மனிதர் அதை அறியவேயில்லை. பெறுபவருக்கும் தன்மானம் உண்டு என்று ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது. அன்று மேடை அமைத்த நமக்குத் தெரியவில்லை!

மணியை எண்ணிய அதே தெரேசா, 1895இல் கார்மேல் மடத்தில் தம்மையே இறைவனுக்குக் கையளித்தபோது, வெறுங்கையுடன் அவர்முன் வந்து நிற்பேன் என்றே எழுதினார். எண்ணிக்கை குழந்தைப் பருவத்திற்கு ஊன்றுகோல். வளர்ந்தபின் அதுவும் கைவிடப்பட வேண்டியதே.

குழந்தைகளுக்குப் பாராட்டே கூடாதா? வேண்டும். தாயின் முகமலர்ச்சியின்றி எந்தப் பிள்ளை நன்மை கற்கும்? ஆனால் பாராட்டின் திசையைச் சற்றே திருப்பலாம். பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்த மகனிடம், “நீதான் இத்தெருவிலேயே நல்ல பிள்ளை” என்று கூறினால் அவன் தன்னையே நோக்குவான். “பாட்டியின் தாகம் தீர்ந்தது, பார்த்தாயா?” என்று கூறினால் அவன் பாட்டியை நோக்குவான். தாழ்ச்சியின் முதற்பாடம் அதுவே. தன்னை இழிவாக எண்ணுவதன்று தாழ்ச்சி. தன்னை மறந்து பிறரை நினைப்பதே தாழ்ச்சி.

இம்மாதம் நம் குடும்பங்களில் மூன்று பயிற்சிகளைக் கைக்கொள்வோமாக.

முதலாவது: புனித வின்சென்ட் தே பவுல் சபையின் கூட்டங்களில் பையொன்று சுற்றி வரும், யார் எவ்வளவு இட்டார் என்று எவரும் அறியார். அத்தகைய துணிப்பை ஒன்றை வீட்டுப் பீடத்தருகே தொங்கவிடுவோம். பெரியவரும் சிறியவரும் கையை மூடியபடியே இடட்டும்.

இரண்டாவது: ஒவ்வொருவரும் வாரம் ஒரு நற்செயலை வீட்டாரும் அறியாமல் செய்யட்டும். யார் செய்தது என்று துருவிக் கேட்க வேண்டாம்.

மூன்றாவது: பிள்ளைகளின் நற்செயலை உறவினர் முன்னும், கைப்பேசியிலும் பறைசாற்றாதிருப்போம். இது பிள்ளைகளுக்கன்று, நமக்கான பயிற்சி. மூன்றினுள் கடினமானதும் இதுவே என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம்.

நம் மீட்பர் நாசரேத்தில் பல்லாண்டுகள் எவரும் அறியாமல் வாழ்ந்தார். அந்நாள்களில் அவர் செய்த நன்மைகளில் பெரும்பாலானவை எந்த நற்செய்தி ஏட்டிலும் இல்லை. தந்தை ஒருவரே அவற்றைக் கண்டார். அது அவருக்குப் போதுமானதாயிருந்தது. நம் பிள்ளைகளுக்கும் அது போதுமென்று ஆகுமானால், அதைவிடப் பெரிய சொத்து எதை நாம் அவர்களுக்கு விட்டுச்செல்ல முடியும்?