விட்ட சீட்டை மீண்டும் கையில் எடுக்கும் முன்



தமிழக அரசு 2003ஆம் ஆண்டு லாட்டரிச் சீட்டைத் தடை செய்தது. ஆயினும் கூடலூரைக் கடந்து குமுளி மலை ஏறினால், கேரள லாட்டரிக் கடைகள் இன்றும் நம்மை வரவேற்கின்றன. சட்டம் எல்லையோடு நின்றுவிடும், ஆசை எல்லையைத் தாண்டும் என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நாம் நன்கறிவோம். இப்போது அந்த மலையையும் ஏற வேண்டியதில்லை. கைப்பேசியே போதும்.

இணையவழி ரம்மிக்கும் போக்கருக்கும் தமிழகத்தில் 2020 நவம்பரில் தடை வந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. 2023 ஏப்ரலில் புதிய சட்டம் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில், இவ்விரண்டும் திறமை சார்ந்த ஆட்டங்கள் எனக் கூறி, அவற்றைத் தடையிலிருந்து நீதிமன்றம் விடுவித்தது. இறுதியில் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த மத்தியச் சட்டம், திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்தது.

நம் பிள்ளைகள் சிலருக்கு அது தாமாக எடுக்காத ஓர் இடைவெளியாக அமைந்தது. அவர்களுள் சிலர் இன்று மீண்டும் ஆடத் தொடங்கியுள்ளனர். கேட்டால், "பணம் வைக்கவில்லை, இலவச சிப்ஸ்தான், பொழுதுபோக்கு" என்கின்றனர். பணம் வைக்காத ஆட்டத்தைச் சட்டம் தடுக்கவில்லை என்பது உண்மையே. பணயமில்லாச் சீட்டாட்டத்தின் மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டறிவதே முறை. நாம் இங்கே ஃபத்வா சொல்ல முன்வரவில்லை. ஒருமுறை இதில் சிக்கி மீண்டவர் மறுபடியும் அதே மேசையில் அமர்வது குறித்தே நம் கவலை.

இலவச சிப்ஸ் தீர்ந்தவுடன், பணம் கொடுத்து வாங்குமாறு செயலி அழைக்கிறது. நண்பர்கள் தமக்குள் சிப்ஸுக்கு விலை பேசி, கணக்கை யுபிஐயில் தீர்த்துக்கொள்வதும் உண்டு. பெயர் பொழுதுபோக்கு, நடப்பதோ மைஸிர். "வா, சூதாடுவோம்" என்று தோழரை அழைத்தவர்கூட அதற்காகத் தர்மம் செய்யட்டும் என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியில் பதிவாகியுள்ளது. அழைப்பே பரிகாரம் தேடும் செயலாயின், ஆட்டத்தின் நிலை என்ன?

சூதின் தீமை பண இழப்போடு முடிவதும் இல்லை. அல்மாயிதா அத்தியாயத்தின் 91ஆம் வசனம் சுட்டும் காரணங்களைச் சிந்தியுங்கள்: பகைமை, வெறுப்பு, இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கப்படுதல். அங்கே பண நட்டம் பேசப்படவே இல்லை. இஷாவுக்குப் பின் தொடங்கும் ஓர் ஆட்டம் ஃபஜ்ரை விழுங்குவதற்குப் பணயம் தேவையில்லை.

"விவசாயமும் ஒரு சூதுதானே? ஏலக்காய் விலை விழுந்தால் வியாபாரியும் இழக்கிறாரே?" என்று சிலர் வாதிடுவர். போடியின் ஏலக்காயிலும் கம்பத்தின் திராட்சையிலும் ஆபத்து உண்டு. ஆனால் அங்கே உழைப்பு உண்டு, பொருள் உண்டு. விற்றவரும் வாங்கியவரும் ஒருசேரப் பயன்பெற முடியும். போக்கர் மேசையில் எதுவும் விளைவதில்லை. ஒருவர் வெல்வது மற்றவர் இழந்ததையே. அதிலும் ஒரு பங்கை நடத்துபவர் எடுத்துக்கொள்வதால், ஆடியவர்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது நட்டமே. திறமை மிக்கவர் வென்றாலும், அப்பணம் மற்றொரு வீட்டின் பள்ளிக் கட்டணமாக இருந்திருக்கலாம்.

மத்தியச் சட்டம் ஆட்டத்தை நடத்துவோரையும் விளம்பரம் செய்வோரையும் தண்டிக்கிறது, ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. ஆகவே ஆடுபவரைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பு அவருடைய ஈமானுக்கும் அவருடைய வீட்டுக்குமே உரியது.

அந்த வீடு எப்படி இருக்க வேண்டும்? "அத்தா, திரும்பவும் ஆடிட்டேன்" என்று மகன் அச்சமின்றிச் சொல்லக்கூடிய வீடாக இருக்க வேண்டும். ஏச்சுக்கு அஞ்சி மறைப்பவனே கடனுக்கு மேல் கடன் வாங்குகிறான். அவன் சொன்ன அன்றே செயலியை நீக்கச் செய்யுங்கள். கடன்களை ஒரு தாளில் எழுதுங்கள். சில மாதங்களுக்கேனும் வங்கிக் கணக்கை அவனோடு சேர்ந்து பாருங்கள். ஊராரிடம் அவன் குறையைப் பரப்பாதீர்கள். மனம் கட்டுக்கு அடங்காவிடில், 14416 என்ற அரசின் டெலி மனாஸ் எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம். அதில் வெட்கம் ஏதுமில்லை.

ஜமாஅத்துகளுக்கும் கடமை உண்டு. ஜும்ஆ பயானில் இதைப் பெயர் சொல்லிப் பேச வேண்டும். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினருள் கடனாளிகளும் அடங்குவர். தவ்பாச் செய்து திரும்பியவருக்கு எவ்வாறு உதவலாம் என்பதை உலமாக்களோடு கலந்து முடிவெடுக்கலாம்.

தவ்பா என்பது பாவத்தை விடுவதும், வருந்துவதும், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்வதுமாகும். சட்டம் பறித்ததால் நின்ற ஆட்டத்தில் முதலாவது மட்டுமே நிகழ்ந்தது. மற்ற இரண்டையும் நாமே நிறைவு செய்தாக வேண்டும். தவறி மீண்டும் விழுந்தவருக்கும் அந்த வாசல் அடைக்கப்படவில்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்க்கில் நிறைவைத் தந்தருள்வானாக! ஆமீன்.