எழுதியவரைக் காணாமல் எண்ணைப் படிப்பதோ?

2012ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு சிறு மடல் வெளியாயிற்று. இங்கிலாந்து நாட்டு மருத்துவமனைகளின் 2009-10ஆம் ஆண்டுப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வாளர் சிலர் எழுதியது அது. அப்பதிவுகளின்படி, மகப்பேற்றுப் பிரிவில் உள்நோயாளிகளாகச் சேர்ந்த ஆடவர் ஏறத்தாழ 17,000 பேர்! குழந்தை மருத்துவப் பிரிவுக்குப் புறநோயாளிகளாக வந்து சென்ற வளர்ந்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர்!

படித்தவர்கள் நகைத்தார்கள், நகைத்துவிட்டு மறந்தார்கள். நமக்கோ நகைப்பு வரவில்லை. ஒரு வினாவே எழுகிறது. 17,000 என்னும் இந்த எண் எங்ஙனம் பிறந்தது? பதிவு எழுத்தர் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டியிருந்தாலும் பிறக்கும். பிறந்த ஆண் மகவுகள் தாயின் பிரிவின் பெயரிலேயே பதிவாகியிருந்தாலும் பிறக்கும். முன்னது பிழை, பின்னது பிழையே அன்று. எது எத்துணை என்பதை அறிய, அந்த எண்ணையே ஓராண்டுக் காலம் உற்று நோக்கினும் பயனில்லை. பதிவு மேசையில் அமர்ந்திருப்பவரை அணுகி ஒரு நாழிகை உரையாடினால் தெரிந்துவிடும்.

இதை ஏன் இன்று கிளறுகிறோம்? காரணம் உண்டு. பொது மருத்துவத் துறையில் தரவறிவியல் பயிற்சி என்னும் புதுவழி முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுக்குத் திறந்திருக்கிறது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரப் பணி, 2020க்குப் பிந்திய ஆண்டுகளில் இத்தகைய மாணவர்களைச் சில திங்கள் தன்னிடம் அமர்த்திப் பயிற்சி அளித்து வந்தது. கணிதமும் புள்ளியியலும் கணினியும் கற்றவர்கள், தம் ஆய்வேட்டைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, மருத்துவமனைகளின் பதிவுகளைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கு விடை தேட வேண்டும். எழுதிய நிரலை யாவரும் காண வெளியிடவும் வேண்டும். நல்ல ஏற்பாடு. நாம் அதனை எதிர்க்கவில்லை. அறிவு பெற்றவன் அதனைப் பொதுமக்களின் பிணி தீர்க்கும் இடத்துக்குக் கொண்டு வருவதை எவர்தாம் எதிர்ப்பார்?

நாம் எதிர்ப்பது அப்பயிற்சியைச் சூழ்ந்து வளர்ந்துவரும் ஒரு மனப்பான்மையை. ‘எண்கள் கையில் இருந்தால் போதும், மருத்துவமனையின் வாயிற்படியை மிதிக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே செய்துவிடலாம்’ என்று பேசுகிறார்களே, அந்த மனப்பான்மையை! இப்படிப் பேசுவோர் தரவை மழைநீர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது வானத்திலிருந்து விழுந்ததன்று. ஒவ்வோர் இலக்கத்தின் பின்னும் ஒரு மனிதக் கை இருக்கிறது.

அந்தக் கையைச் சற்றே காண்போம். இங்கிலாந்தில் நோயாளி வீடு திரும்பிய பிறகு, குறியீட்டாளர் என்னும் அலுவலர் அவருடைய மருத்துவக் குறிப்புகளைப் படிக்கிறார். படித்து, பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பிலுள்ள குறியீடுகளாக அவற்றை மாற்றுகிறார். ஆய்வாளனிடம் வந்து சேர்வது நோயன்று, இந்தக் குறியீடே. குறியீட்டாளருக்கு விதிகள் உண்டு. மருத்துவர் ‘நிமோனியா’ என்று எழுதினால் அவ்வாறே பதியலாம். அச்சொல்லின் முன் ஒரு வினாக்குறி இட்டிருந்தால் பதியலாகாது. இருமல், காய்ச்சல் என்ற அறிகுறிகளையே பதிய வேண்டும். ஒரே நோயாளி, ஒரே நோய். ஒரு வினாக்குறி இருந்தால் ஒரு கணக்கு, இல்லாவிட்டால் வேறு கணக்கு. அன்றியும், 2003-04ஆம் ஆண்டு முதல் மருத்துவமனைகளுக்கு வரும் பணமும் இக்குறியீடுகளைப் பின்பற்றலாயிற்று. பணம் பின்தொடரும் எழுத்து வேறு, பணம் பின்தொடராத எழுத்து வேறு என்பதைக் கடைத்தெருவில் கணக்கெழுதும் சிறுவனும் அறிவான். இவற்றை அறியாத மாணவன் ‘இவ்வாண்டில் நிமோனியா பெருகிற்று’ என்று வரைபடம் வரைவான். பெருகியது நோயா, குறிப்பு எழுதும் திருத்தமா என்று எவரேனும் கேட்டால் விழிப்பான்.

தமிழ் கற்றோர்க்கு இது புதிய செய்தியன்று. பழைய ஓலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. நெடிலின் காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. எழுதியவரின் வழக்கம் தெரியாதவன் படித்தால் சொல் சிதையும். சொல் சிதைந்தால் பொருள் சிதையும். டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கிடைத்த சுவடி ஒன்றை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடவில்லை. பல ஊர்ச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார். சமண நூலாதலின் சமணரிடமே சென்று பொருள் கேட்டார். அரபு நூலோரும் ஒரு செய்தி காதில் விழுந்தவுடன் ‘உமக்கு இதை உரைத்தவர் யார்? அவருக்கு உரைத்தவர் யார்?’ என்று தொடர்ந்து வினவிய பிறகே அதற்கு மதிப்பிட்டனர். நூலுக்கும் செய்திக்கும் இத்துணை எச்சரிக்கை என்றால், உயிரைப் பற்றிய பதிவுக்கு எத்துணை வேண்டும்!

‘எண்ணின் பிறப்பை அறியாததால் என்ன கெட்டுவிட்டது?’ என்று கேட்போர்க்கு மூன்று சான்றுகள் கூறுவோம்.

ஒன்று. அமெரிக்காவில் கூடுதல் கவனிப்பு எவருக்குத் தேவை என்று தேர்ந்தெடுக்க ஒரு கணிப்பு முறை பெருவழக்கில் இருந்தது. 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு அதன் உள்ளீட்டைத் திறந்து காட்டிற்று. நோயின் கடுமையை அளப்பதற்கு மாறாக, மருத்துவத்துக்கு ஆன செலவை அம்முறை அளந்தது. கறுப்பினத்தவர் அதே அளவு நோயுற்றிருந்தும் அவர்களுக்காகச் செலவிடப்பட்ட தொகை குறைவு. ஆகவே அவர்கள் நலமாயிருப்பதாகக் கணக்குக் காட்டிற்று! இக்குறையை நீக்கினால் கூடுதல் உதவி பெறுவோருள் கறுப்பினத்தவர் 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயர்வர் என்று அவ்வாய்வு கூறியது. கணிதத்தில் பிழையில்லை. செலவு என்னும் எண் எவ்வாறு பிறக்கிறது என்று கேளாததே பிழை.

இரண்டு. விரல் நுனியில் மாட்டிக் குருதியின் ஆக்சிஜனை அளக்கும் சிறு கருவியைப் பெருந்தொற்றுக் காலத்தில் கண்டிராதவர் இல்லை. அக்கருவி 92 முதல் 96 விழுக்காடு என்று நிறைவாகக் காட்டிய நேரத்திலும், குருதியை எடுத்து ஆய்ந்தால் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்த நிலை, வெள்ளையரிடம் 3.6 விழுக்காடும் கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடும் காணப்பட்டதாக 2020இல் அமெரிக்க ஆய்வொன்று வெளியிட்டது. தோலின் நிறம் கருவியின் கண்ணை மறைத்தது. அந்த அளவுகளை நம்பிக் கட்டப்படும் எந்தக் கணிப்பும் அந்த மறைப்பையும் தன்னுள் சுமந்தே வரும்.

மூன்று. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் தொற்றுக் கண்டவருள் 15,841 பேர் அன்றாடக் கணக்கில் விடுபட்டனர். காரணம் யாது? ஆய்வுக்கூடங்களின் பட்டியலை ஏற்ற எக்செல் கோப்பின் பழைய வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. எஞ்சியவை ஓசையின்றி உதிர்ந்தன. அந்நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி நாட்கணக்கில் பிந்திற்று. ஈண்டு குறைபட்டது மேதைமையன்று. தரவு எந்த வழியாக நடந்து வருகிறது என்று உடன் நடந்து பார்க்கும் கால்களே குறைபட்டன.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். ‘நோயாளியின் அந்தரங்கம் என்னாவது? வெளியாளாகிய மாணவனைப் பதிவுகளிடையே விடலாமோ?’ என்பர். நேர்மையான கேள்வி. குடும்ப மருத்துவர்களின் பதிவுகளைத் திரட்ட முனைந்த ‘கேர்.டேட்டா’ திட்டம் மக்களின் நம்பிக்கையைப் பெறாமல் 2016இல் கைவிடப்பட்டது. அந்தப் பாடத்தை மறக்கலாகாது. ஆனால் நாம் கேட்பது நோயாளியின் பெயரையன்று, எழுதுகிறவரின் வழக்கத்தையே. குறியீட்டாளர் எவ்வாறு முடிவு செய்கிறார் என்று அவரருகில் அமர்ந்து கேட்டறிய, ஒருவரின் பெயரும் முகவரியும் தேவையில்லை. பதிவுகளை வெளியே கொண்டு செல்லாமல் ஆய்வு நடத்தவும் வழியுண்டு. 2020இல் தொடங்கிய ‘ஓப்பன்சேஃப்லி’ அமைப்பில் பதிவுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆய்வாளரின் நிரல்தான் அங்கே செல்கிறது. அந்நிரலும் ஊரறிய வெளியிடப்படுகிறது.

அந்தரங்கத்துக்கு மாற்றாகச் செயற்கை நோயாளர் பதிவுகளைப் படைப்பதும் இன்று வழக்கம். இங்கிலாந்துப் பயிற்சியின் தொடக்ககாலப் பணிகளுள் அதுவும் ஒன்று. அதற்கு எடுத்தாண்டவற்றுள் அமெரிக்கப் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பதிவுகளான ‘மிமிக்’ தொகுப்பும் உண்டு. அத்தொகுப்பு ஆய்வாளர்க்கு எளிதில் கிடைப்பது. ஆதலால் குறை கூறோம். எனினும் ஒன்று கேட்போம்: பாஸ்டன் செவிலியர் எழுதிய வழக்கம் லீட்ஸ் நகரத்துக்குப் பொருந்துமோ? மூலத்தில் உள்ள வழக்கத்தைத்தானே செயற்கைப் பதிவும் திரும்பச் சொல்லும்? மூலத்தை அறியாதவன் படியை எதைக் கொண்டு சோதிப்பான்?

‘மாணவனுக்கு இருப்பதே சில திங்கள், அதில் பிரிவு பிரிவாகச் சுற்றினால் வேலை எப்போது நடக்கும்?’ என்பது அடுத்த மறுப்பு. நாம் கூறுவது இதற்கு நேர்மாறு. காலம் குறைவாயிருப்பதாலேயே முதல் மூன்று வாரங்களை அங்கே செலவிட வேண்டும். தவறான கிணற்றில் ஐந்து திங்கள் இறைப்பதைவிட, கிணற்றைத் தேர்ந்து நான்கு திங்கள் இறைப்பது மேலன்றோ?

‘இது கணிதம் கற்றவனின் வேலையன்று’ என்போருக்கும் ஒரு சொல். அல்காரிதம் என்று பெருமையோடு உச்சரிக்கிறார்களே, அச்சொல் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயர் மருவியது. அவருடைய இயற்கணித நூல் எதற்காக எழுதப்பட்டது? மரபுரிமைப் பங்கீடு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகிய மக்கள் நடைமுறைகளுக்குப் பயன்படவே என்று அவரே முன்னுரையில் கூறுகிறார். பங்கு கேட்டு நிற்கும் பிள்ளைகளை மறந்து அவர் சமன்பாடு எழுதவில்லை. அவர் பெயரைச் சுமக்கும் கலையைக் கற்றவர்கள் மக்களைக் காண நாணுவதேன்?

ஆகவே பயிற்சி நடத்துவோரிடம் நாம் வேண்டுவன சில. மாணவனுக்குக் கணினியைத் தருமுன் அவனைப் பதிவு மேசைக்கும், குறியீட்டாளரிடமும், செவிலியரிடமும் அனுப்புங்கள். எந்த எண் யாரால், எந்நேரத்தில், எவ்விதியின்படி எழுதப்பட்டது என்பதை அவனே எழுதி, நிரலோடு சேர்த்து வெளியிடச் செய்யுங்கள். முடிவை முதலில் அந்த எழுத்தர்களுக்கே படித்துக்காட்டச் செய்யுங்கள். பிழையை முதலில் காண்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். உழைப்புக்கு ஊதியம் தருங்கள். இலவசமாய் உழைக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வரும் வழியாக இதனை ஆக்காதீர்கள்.

எழுதி வைத்தல் ஏன் வேண்டும் என்பதற்குக் காலமே சான்று. இத்தகைய பணிகளுக்காக 2019இல் தோன்றிய ‘என்.எச்.எஸ்.எக்ஸ்’ 2022இல் வேறோர் அமைப்புக்குள் கரைந்தது. ‘என்.எச்.எஸ். டிஜிட்டல்’ 2023இல் என்.எச்.எஸ். இங்கிலாந்தோடு இணைந்தது. அந்த என்.எச்.எஸ். இங்கிலாந்தையே கலைக்கப்போவதாக 2025 மார்ச்சில் அந்நாட்டு அரசு அறிவித்தது. அமைப்புகள் வரும், போகும். பயிற்சி மாணவனும் சில திங்களில் போய்விடுவான். எஞ்சுவது அவன் எழுதி வைத்தது மட்டுமே. அதில் எண் மட்டும் இருந்து அதன் வரலாறு இல்லையென்றால், அடுத்து வருபவன் மீண்டும் 17,000 ஆடவரை மகப்பேற்றுப் பிரிவில் படுக்க வைப்பான்.

அன்று உலகம் நகைத்தது. அந்த எண்ணை நம்பிப் படுக்கைகளையும் செவிலியரையும் பங்கிட்டிருந்தால் நகைக்க முடிந்திருக்குமா? படுக்கையின்றி வாயிலில் நிற்கும் தாய்க்கு யார் விடை சொல்வது?